தொடப்பக்குச்சி போட்ட காது

2020 ஆகஸ்ட் மாசம்னு நினைக்கிறேன், ரேஷன் கடை வரிசையில அம்மாவுக்கு பதிலா நான் நின்னுட்டு இருந்தேன். தரையில சுண்ணாம்புல வட்டம் வட்டமா போட்டு வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் ஒரு ஆளு இல்லன்னா ஒரு பை. எனக்கு முன்னாடி ஒன்பது பொம்பளைங்க, எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்க. வேற பார்க்க ஒன்னும் இல்லாததால மாஸ்க் கயிறு மாட்டியிருக்கற காதுமேலயே கண்ணு போச்சு. ஒன்பது பேர்ல ஆறு பேர் காதுல கம்மல் இல்ல. ஓட்டை தூர்ந்துடக்கூடாதுன்னு தொடப்பக்குச்சியை சின்னதா ஒடிச்சு சொருகி வெச்சிருந்தாங்க, அதுல ரெண்டு பேருக்கு வேப்பங்குச்சி. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன். அங்கயும் குச்சி. எப்போம்மா வெச்சேன்னு கேட்டேன், பத்து நாளாச்சு நீ இப்பதான் பார்க்கறியான்னு கேட்டுட்டு உலை வெக்கப் போயிடுச்சு.

கொரோனா பத்தி நிறைய பேர் நிறைய எழுதிட்டாங்க. நடந்து போன தொழிலாளிங்க, ஆக்சிஜன் கிடைக்காம போன உயிருங்க, எல்லாம் எழுதணும், இன்னும் எழுதணும். ஆனா அந்த நெருக்கடியோட பில்லை கடைசியில யார் கட்டினாங்கன்னு யாராவது கேட்டா எனக்கு அந்த ஆறு காதுதான் ஞாபகத்துக்கு வரும். ரொம்ப நாளா இதை எழுதணும்னு இருந்தேன், இப்போ தங்கம் போற விலையைப் பார்த்ததும் இனியும் தள்ளிப்போட முடியல.

எங்க ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். நாங்க காலனி. அப்பா கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்கற வேலை, பதினஞ்சு வருஷத்துக்கும் மேல. ஞாயித்துக்கிழமை ராத்திரி போனா அடுத்த சனிக்கிழமைதான் வருவாரு, மார்க்கெட்லயே படுத்துப்பாரு, ஒரு நாளைக்கு 600, 700 கையில நிக்கும். 2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவியில பேசினாரு, நாலு மணி நேரத்துல நாடு மூடிடும்னு. ஆனா காய்கறி அத்தியாவசியம்ங்கறதால கோயம்பேடு மூடல, அதனால அப்பா வரல. ஒரு மாசம் அங்கயே இருந்தாரு. பணம் அனுப்பிட்டு இருந்தாரு, நாங்களும் பரவாயில்ல நமக்கு வேலை போகலன்னு நிம்மதியாதான் இருந்தோம். ஏப்ரல் கடைசியில மார்க்கெட்டுக்குள்ள நோய் பரவ ஆரம்பிச்சுது, மே 5 மார்க்கெட்டையே மூடிட்டாங்க. கடலூர், அரியலூர், விழுப்புரம்னு எங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் காய்கறி லாரியில ஏறி ஊருக்கு வந்தாங்க, நோயும் அவங்களோடயே வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வாரம் டிவியில கோயம்பேடு கோயம்பேடுன்னு இதே பேச்சுதான். அப்பாவை பதினாலு நாள் ஒரு ஸ்கூல்ல வெச்சிருந்தாங்க. ஊர்த்தெருவுக்குப் போற வழியில முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சாங்க. சென்னை முழுக்க சோத்துக்கு காய் வேணும்னுதான் அந்த மார்க்கெட்டை தொறந்து வெச்சாங்க, அந்த காயை தூக்கின ஆளுக்கு ஊர்ல கிடைச்ச பேரு நோயைக் கொண்டாந்தவன்.

சரி, கடன் கதைக்கு வரேன். கடன்னா என்னன்னு எங்க தெருவுக்கு எப்படி புரியும்னு சொன்னாதான் மத்தது புரியும்.

நான் சின்னப்பையனா இருக்கும்போது பணம் வேணும்னா ஊர்த்தெருவுல ஒரு பெரிய வீட்டுக்குப் போவாங்க. அப்பா தோள்ல இருக்கற துண்டை எடுத்து கக்கத்துல வெச்சுட்டு வாசல்லயே நிப்பாரு. உள்ள கூப்பிட மாட்டாங்க, நாங்களும் எதிர்பார்க்க மாட்டோம். மூணு வட்டி, அவசரம்னா அஞ்சு வட்டி, அதாவது நூத்துக்கு மாசம் அஞ்சு ரூபா. வட்டி கட்ட முடியலன்னா கரும்பு வெட்டுக்கு கூலி இல்லாம போகணும், மல்லாட்டை பறிக்க அம்மா போகணும். கூலி கேட்க முடியாது, வேற ஆள்கிட்ட வேலைக்குப் போகவும் முடியாது. வட்டிய விட அந்த நிக்கறதுதான் அம்மாவுக்கு வலி. அப்புறம்தான் மகளிர் குழு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி லோன் கம்பெனிங்க வந்தாங்க. பத்து பொம்பளைங்க சேர்ந்தா போதும், பத்திரம் வேணாம், நகை வேணாம், புருஷன் கையெழுத்து ஒன்னு, ஆதார் ஒன்னு. கம்பெனியில இருந்து பேண்ட் சட்டை போட்ட தம்பி பைக்ல வந்து எங்க வீட்டுத் திண்ணையில உக்கார்ந்து எங்க வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டு அம்மாவை மேடம்னு கூப்பிடுவாரு. இது வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு சின்ன விஷயமா தெரியலாம். அம்மா அந்த லோனை ஏன் வாங்குச்சுன்னு படிச்சவங்க எல்லாம் கேட்கறாங்க, அந்த பெரிய வீட்டு வாசல்ல ஒரு தடவை நின்னு பார்த்தா கேட்க மாட்டாங்க. சுமார் பத்து வருஷம் அப்பா அந்த வாசலுக்குப் போகல. எங்க வீட்ல நடந்த பெரிய மாற்றம்னா அதுதான்.

லாக்டவுன் வந்தப்போ அம்மா பேர்ல ரெண்டு கம்பெனி லோன், ஒரு மகளிர் குழு பேங்க் லோன். ஒரு லாங் சைஸ் நோட்டுல எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும், அம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சுது ஆனா அந்த நோட்டு எந்த ஆடிட்டர் பார்த்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஒரு லோன் 30,000 வாங்கினது, மாசம் 1,590 டியூ, 24 மாசம்.

மார்ச் 27 ரிசர்வ் பேங்க் மூணு மாசம் யாரும் தவணை கட்ட வேணாம்னு சொன்னாங்க, மே 22 அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. மாரட்டோரியம். எங்க தெருவுல அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க, "மோடி ஆறு மாசம் கட்ட வேணாம்னுட்டாரு"ன்னு சொன்னாங்க, நிறைய பேர் தள்ளுபடின்னே நினைச்சாங்க. நான்தான் உக்கார்ந்து கணக்கு போட்டேன். அம்மாவுக்கு அந்த லோன்ல பாக்கி 20,000. வருஷத்துக்கு 24 பர்சென்ட் வட்டின்னா மாசம் 400. ஆறு மாசம் கட்டாம இருந்தா 2,400 மேல ஏறும். அதாவது தள்ளிப்போன ஆறு டியூவையும் பின்னாடி கட்டணும், ஏறின 2,400-க்கும் முடியற வரைக்கும் வட்டி ஓடும்ங்கறதால, அதுக்கு மேல ரெண்டு டியூவுக்கு மேல கூடுதலாவும் கட்டணும். வேலையே இல்லாத ஆறு மாசத்துக்கு வட்டி ஓடிட்டே இருந்துச்சுங்க. கடையை மூடச் சொன்னது அரசாங்கம், மார்க்கெட்டை மூடினது அரசாங்கம், அந்த மூடின நாளுக்கான வட்டி மட்டும் எங்கம்மா நோட்டுல.

அப்புறம் அக்டோபர்ல மத்திய அரசு 2 கோடி வரைக்குமான கடனுக்கு அந்த ஆறு மாசத்தோட வட்டிக்கு வட்டியை தானே தரேன்னு அறிவிச்சாங்க, பெரிய செய்தியா வந்துச்சு. மறுபடி கணக்கு போட்டேன். 20,000 ரூபா பாக்கிக்கு ஆறு மாச வட்டிக்கு வட்டி எவ்வளவு தெரியுமா, 125 ரூபாகூட வராது. அந்த 2,400 அப்படியே நிக்கும். 2021 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் வட்டிக்கு வட்டி யாருக்குமே போடக்கூடாதுன்னு சொல்லிச்சு, ஆனா வட்டியையே தள்ளுபடி பண்ணச் சொல்ல முடியாதுன்னும் சொல்லிடுச்சு. நூறு கோடி கணக்குல கடன் வாங்கினவங்களுக்கு வட்டிக்கு வட்டின்னா லட்சக்கணக்குல வரும், அது அவங்களுக்கு சலுகை. எங்க தெருவுக்கு அசல் வட்டிதான் உயிர்ப் பிரச்சனை, அதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

அதைவிட முக்கியம், கட்ட வேணாம்ங்கற அறிவிப்பே எங்க தெருவுக்கு சரியா வந்து சேரல. ஜூன் மாசம் ஒரு நாள் காலையில 7 மணிக்கு கம்பெனி தம்பி வந்துட்டாரு. மாஸ்க்கை தாடையில இறக்கி விட்டுட்டு மேடம் கட்டினா உங்களுக்குத்தான் நல்லது, வட்டி ஏறாது, அடுத்த லோன் கிடைக்கும்னாரு. மாரட்டோரியம் இருக்கேன்னு நான் கேட்டேன். அது கம்பெனி இஷ்டம், எங்களுக்கு மேல இருந்து எதுவும் வரலன்னாரு. ஒன்பது பேர் எப்படியோ பொறட்டிக் கொண்டாந்துட்டாங்க, மூணாவது வீட்டு பெரியம்மாவால முடியல. அவங்க வீட்டுக்காரரு செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டுப் போன இடத்துல மாட்டிக்கிட்டாரு. குழுன்னா ஒருத்தர் கட்டலன்னா மத்த ஒன்பது பேரும் போட்டு கட்டணும், பணம் முழுசா வராம தம்பி கிளம்ப மாட்டாரு. பதினோரு மணி வரைக்கும் அந்த திண்ணையில எல்லாரும் உக்கார்ந்திருந்தாங்க. யாரும் சத்தம் போடல. ஆனா பன்னெண்டு வருஷமா ஒன்னா நடவுக்குப் போன பொம்பளைங்க, ஒருத்தர் புள்ளைக்கு ஒருத்தர் பால் குடுத்தவங்க, அந்த பெரியம்மா முகத்தைப் பார்க்காம தரையைப் பார்த்துட்டு இருந்தாங்க. கடைசியில அந்தம்மா எழுந்து உள்ள போயி மூக்குத்தியைக் கழட்டி கொண்டாந்து எங்கம்மா கையில வெச்சுட்டு, இதை வெச்சு நீ போடு தாயீ, நான் அப்புறம் மீட்டுக்கறேன்னாங்க. பத்திரம் வேணாம், ஜாமீன் வேணாம்னு சொல்ற லோனுக்கு ஜாமீன் எது தெரியுமா, அந்த ஒன்பது பேர் முகம்தான்.

அந்த தம்பி மேல எனக்கு கோவம் இல்ல. அவரும் செஞ்சிப் பக்கத்து பையன்தான், பி.காம் படிச்சுட்டு 12,000 சம்பளத்துக்கு ஒரு நாளைக்கு நாலு மீட்டிங் ஓடறாரு, வசூல் குறைஞ்சா அவரு சம்பளத்துல கை வைப்பாங்க. இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கமும் ஏழை, நடுவுல ஒரு திண்ணை. லாபம் வேற எங்கயோ போவுது.

எங்க போச்சுன்னு பார்க்கணும்னா ரொம்ப தூரம் தேட வேணாம். 2020 மார்ச் 23 மும்பை பங்குச் சந்தையோட குறியீடு சென்செக்ஸ் 26,000-க்கு கீழ இறங்குச்சு. 2021 ஜனவரி 21 அது 50,000-த்தைத் தொட்டுச்சு. பத்தே மாசம். அதே காலத்துல ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நாட்டோட மொத்த உற்பத்தி முந்தின வருஷத்தை விட 23.9 பர்சென்ட் விழுந்துச்சுன்னு அரசாங்கமே முதல் கணக்குல சொல்லுச்சு. மூணு மாச உற்பத்தியில கால்வாசி காணாம போன வருஷத்துல பங்கு விலை ரெட்டிப்பாகுதுன்னா, பங்கு வெச்சிருக்கறவங்க ஒரு நாட்டுலயும் நாங்க வேற ஒரு நாட்டுலயும் இருக்கோம்னுதான் எனக்கு தோணுது. அதுக்கு முந்தின செப்டம்பர்ல, கொரோனா வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி, கம்பெனி வரியை 30-ல இருந்து 22 பர்சென்டா குறைச்சாங்க, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும்னு நிதி அமைச்சகமே சொன்ன கணக்கு. லாக்டவுன்ல ஜன்தன் அக்கவுண்ட் வெச்சிருந்த பொம்பளைங்களுக்கு குடுத்தது மாசம் 500, மூணு மாசம். மொத்தம் 1,500. அம்மாவோட ஒரு மாச டியூவுக்கே 90 ரூபா குறையுது.

நல்லதையும் சொல்லணும். ரேஷன் இல்லன்னா எங்க தெருவுல பட்டினிச் சாவு விழுந்திருக்கும், இதை நான் நெஞ்சு மேல கை வெச்சு சொல்றேன். தமிழ்நாட்டுல அரிசி கார்டுக்கு நீ ஏழையா இல்லையான்னு பிரிச்சுப் பார்க்கறதில்ல, கேட்டவங்களுக்கு உண்டு, அதனாலதான் யாரும் விட்டுப்போகல. ஏப்ரல்ல கார்டுக்கு 1,000 ரூபா, அரிசி பருப்பு எண்ணெய் சர்க்கரை மூணு மாசம் காசு இல்லாம, அதுக்கு மேல மத்திய அரசோட ஆளுக்கு 5 கிலோ. நூறு நாள் வேலைக்கு கூலியை 229-ல இருந்து 256 ஆக்கினாங்க, மே மாசம் கூடுதலா 40,000 கோடி ஒதுக்கினாங்க. சென்னையில ஏசி கடையில வேலை பார்த்த பசங்க எல்லாம் ஏரிக்கரையில மண்வெட்டியோட நின்னாங்க. ஆக சோறு இருந்துச்சு. ஆனா சோறு மட்டுமா குடும்பம், டியூ இருக்கு, மருந்து இருக்கு, தங்கச்சிக்கு ஆன்லைன் கிளாஸுக்கு போன் இருக்கு. ஒன்னாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் புள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்தது 2021 நவம்பர் 1, ஒன்றரை வருஷத்துக்கு மேல. ஏழாவது படிச்ச தங்கச்சிக்கு போன் வாங்கினதும் அந்த கம்மல் காசுலதான், பதினோராயிரத்தை டியூவுக்கு கட்டிட்டு மிச்சத்துல.

இப்போ தங்கத்துக்கு வரேன், எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

அம்மாவோட கம்மல் ஆறு கிராம், முக்கா சவரன். பாட்டி போட்டது. வீடு அப்பா பேர்ல, டிவிஎஸ் பைக் அப்பா பேர்ல, அரசாங்கம் குடுத்த மூணு சென்ட் பட்டா தாத்தா பேர்ல, இந்த ஆறு கிராம் மட்டும்தான் அம்மாவோடது. எங்க பக்கம் பொம்பளைக்கு சொத்துன்னா காதும் கழுத்தும்தான். நெருக்கடி வந்தா முதல்ல கையை வைக்கற இடமும் அதுதான். அந்த வருஷ ஆரம்பத்துல சவரன் 31,000 பக்கம் இருந்தது ஆகஸ்ட்ல 43,000-த்தை தாண்டுச்சு. அந்த மாசம்தான் ரிசர்வ் பேங்க் நகை மதிப்புல 75 பர்சென்ட் வரைக்கும்தான் பேங்க்ல கடன் தரலாம்ங்கறதை 90 பர்சென்டா உயர்த்தினாங்க. வருமானத்துக்கு வழி பண்ணாம அடகு வெக்க வழி பண்ணிக் குடுத்தாங்கன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். பேங்க்ல கூட்டம், பஸ் இல்ல, அதனால அம்மா பக்கத்து ஊர் அடகுக் கடையில வெச்சுது. 20,000 குடுத்தாங்க, ரெண்டரை வட்டி. மாசம் 500.

நவம்பர்ல நிவர் புயல். அதுக்கு முன்னாடியே, கோயம்பேட்டுக்கு பதிலா திருமழிசையில போட்ட தற்காலிக மார்க்கெட்ல அப்பாவுக்கு சரியா வேலை அமையல. 2021-ல ரெண்டாவது அலை. வட்டி நாலு மாசம் கட்டுவாங்க, மூணு மாசம் நிக்கும். அந்த சமயத்துலதான் அப்பா ஒரு நாள் துண்டை எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. எங்க போறாருன்னு யாரும் கேட்கல, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பத்து வருஷம் கழிச்சு திரும்ப அந்த பெரிய வீட்டு வாசல். 10,000 வாங்கிட்டு வந்தாரு, அந்த வருஷம் கரும்பு வெட்டுக்கு அம்மாவும் அப்பாவும் போனாங்க. பொருளாதாரம் மீண்டு வருதுன்னு அப்போ டிவியில பேசிட்டு இருந்தாங்க. எங்க வீடு எந்த வருஷத்துக்கு திரும்பிப் போச்சுன்னு எந்தக் கணக்குலயும் வராது. கைக்கு வந்த பணம் போனா திரும்ப சம்பாதிக்கலாம், விட்டு வந்த வாசலுக்கு திரும்பப் போறது வேற.

கம்மல் 2022 தொடக்கத்துல முழுகிடுச்சு. அடகுக் கடையில இருந்து சீட்டு வந்துச்சு, அம்மா படிச்சுப் பார்த்துட்டு நோட்டுக்குள்ள மடிச்சு வெச்சுது. அப்போ சவரன் 36,000 பக்கம். 2025 அக்டோபர்ல அது 90,000-த்தை தாண்டுச்சு, ஆறு கிராம்னா 67,500-க்கு மேல, செய்கூலி சேதாரம் தனி. 20,000 ரூபாய்க்குப் போன பொருளை இனிமே வாங்கணும்னா மூணு மடங்குக்கு மேல வேணும். ஒரு நெருக்கடி எப்படி நிரந்தரமான ஏற்றத்தாழ்வா மாறுதுன்னு பெரிய பெரிய புக்ல எழுதறாங்களே, எங்க வீட்ல அது ஆறு கிராம்ல முடிஞ்சுபோச்சு. கையில பணம் இருந்தவங்க அந்த வருஷம் தங்கம் வாங்கிப் போட்டாங்க, பங்கு வாங்கிப் போட்டாங்க. இல்லாதவங்க வித்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற தூரம் அப்போ உண்டானது, இப்போ வேலை கிடைச்சாலும் கூலி ஏறினாலும் அந்த தூரம் குறையறதே இல்ல.

2021 செப்டம்பர்ல கூட்டுறவு பேங்க்ல 5 சவரன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு தமிழக அரசு அறிவிச்சுது, உண்மையிலேயே பெரிய உதவி, எங்க பக்கம் பல பேருக்கு நகை வீட்டுக்கு வந்துச்சு. ஆனா கூட்டுறவு பேங்க்ல வெக்கணும்னா அங்க உறுப்பினரா இருக்கணும், நிலம் இருந்தா சுலபம், தெரிஞ்சவங்க இருந்தா இன்னும் சுலபம். எங்க தெருவுல முக்காவாசி பேர் வெச்சது அடகுக் கடை. அடகுக் கடை கடனுக்கு தள்ளுபடி கிடையாது. இன்னொரு பக்கம் அத்தை ஒருத்தவங்க கூட்டுறவுல அஞ்சரை சவரன் வெச்சிருந்தாங்க, 44 கிராம், 40-ஐ தாண்டிட்டதால ஒரு ரூபாகூட தள்ளுபடி இல்ல. கோடு போட்டுதான் ஆகணும்னு சொல்றாங்க, புரியுது. ஆனா ரேஷன்ல கோடு போடாததாலதான் எல்லாரும் பொழைச்சோம்ங்கறதையும் பார்க்கணும் இல்ல?

லோன் கம்பெனி விஷயத்துல 2022 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் புது விதி கொண்டு வந்துச்சு. வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க, அநியாய வட்டியா இருக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டு விகிதத்தை கம்பெனியே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டாங்க. வருஷத்துக்கு 3 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ள குடும்பத்துக்கு தரலாம், மொத்த டியூ மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாது. படிக்க நல்லா இருக்கு. திண்ணையில என்ன நடக்குதுன்னா, வருமானம் எவ்வளவுங்கற கட்டத்தை தம்பியே ஃபில்லப் பண்ணிக்கறாரு. மாசம் 25,000-ன்னு எழுதிட்டா 12,500 வரைக்கும் டியூ போடலாம்னு ஆயிடுது. எங்க தெருவுல எந்த வீட்லயும் மாசாமாசம் 25,000 வந்து நான் பார்த்ததில்ல. 2025 ஏப்ரல்ல சட்டசபையில கட்டாய வசூலுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ரொம்ப தேவையான சட்டம். மிரட்டினா, வீட்டுக்குள்ள புகுந்தா கேஸ் போடலாம். ஒன்பது பேர் தலையைக் குனிஞ்சு உக்கார்ந்திருந்தா யார் மேல கேஸ் போடறது? வட்டியைக் குறைக்கணும், குழு ஜாமீனை எடுக்கணும், புயலோ தொற்றோ வந்து அரசாங்கமே வேலையை நிறுத்தினா அந்த நாளுக்கு வட்டி ஓடக்கூடாதுன்னு சட்டமே இருக்கணும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் பக்கம் மழை கொட்டுச்சு, எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, அரசு கார்டுக்கு 2,000 குடுத்துச்சு, அடுத்த வாரம் டியூ வழக்கம்போல வந்து நின்னுச்சு.

மாறினதும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். 2021 மே 8-ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அம்மா இப்போ வாரத்துல நாலு நாள் திண்டிவனம் போவுது, காலையில பூ வாங்கிட்டு வந்து கட்டி சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட்ல விக்குது. முன்னாடி போக வர 20 ரூபான்னு கணக்கு பார்த்து வீட்லயே இருக்கும். 2023 செப்டம்பர் 15-ல இருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆரம்பத்துலயே ஒரு கோடிக்கு மேல பொம்பளைங்களுக்கு. அதுக்கு உரிமைன்னு பேரு வெச்சவங்களுக்கு நான் நன்றி சொல்றேன். மெசேஜ் வந்தா அம்மா கண்ணாடி போட்டு தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும், என்னைப் படிக்க விடாது. அப்பாகிட்ட குடுக்காது. அப்பாவும் கேட்கறதில்ல, அது ஒரு பெரிய மாற்றம் எங்க வீட்ல.

ஆனா எங்க தெருவுல லோன் கம்பெனி டியூ வசூல் பண்ற மீட்டிங் தேதி முன்னாடி மாச முதல் செவ்வாய். அந்த பணம் வர ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல 16-ந் தேதிக்கு மாத்திட்டாங்க. கேட்டா எல்லாருக்கும் வசதியா இருக்கும்னு மாத்தினோம்னாங்க. அரசாங்கம் 15-ந் தேதி அம்மா கையில வெக்கற ஆயிரம் 16-ந் தேதி திண்ணையில எண்ணி பைக் பையில போவுது. பேரைச் சொல்லி குடுத்த பணம் அம்மா கையில ஒரு ராத்திரி தூங்குது.

பெரிய வீட்டுக் கடனை 2023-ல முடிச்சோம், என் சம்பளத்துல. அப்பா மறுபடியும் கோயம்பேடு போறாரு, இடுப்பு வலியோட. அம்மா காதுல இப்போ கவரிங் கம்மல், பஸ் ஸ்டாண்ட்கிட்ட 120 ரூபாய்க்கு வாங்கினது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காது புண்ணாகும், கழட்டி வெச்சுட்டு தேங்காண்ணெய் தடவிட்டு குச்சி போட்டுக்கும். போன மாசம் ஊருக்குப் போனப்போ நோட்டுக்குள்ள இருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டுச்சு. திண்டிவனத்துல ஒரு நகைக்கடையில சீட்டு, மாசம் 500, பூ வித்த காசுல. பதினோரு மாசத்துல ஏழு மாசம் கட்டியிருந்துச்சு. கம்மல் எடுக்கப் போறியாம்மான்னு கேட்டேன். எனக்கு எதுக்குடா, பாப்பாவுக்கு ஒரு மூக்குத்தியாவது வேணும் இல்லன்னு சொல்லிட்டு அட்டையைத் திரும்ப நோட்டுக்குள்ள வெச்சுது, அந்த முழுகின சீட்டு இருக்கற பக்கத்துலயே.